மேனிஃபோல்ட் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

திருப்பதியிலிருந்து போன் வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் சத்தியவேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். குழந்தைகள் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா பேசினார். திங்கட்கிழமை காலை வந்து பிள்ளையைப் பாருங்கள் என்றார். மூன்று வயதுப் பெண். படம் முன்பே வந்திருந்தது, நாங்களும் சம்மதம் சொல்லியிருந்தோம். இனி பாக்கி ஒன்றுதான். அவளுக்கு எங்களைப் பிடிக்க வேண்டும்.

"முன்ன ஒரு ஜோடி வந்து பாத்தாங்கம்மா. பாப்பா அவங்க கிட்டவே போவல, ஒரே அழுகை. அவங்க வேணான்னுட்டு போயிட்டாங்க. நீங்க வந்து சும்மா உக்காந்துக்கினு இருங்க. தூக்கப் போவாதீங்க, கூப்பிடவும் கூப்பிடாதீங்க. அதுவா வரணும்" என்றார்.

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என்னிடம் போய் இதைச் சொன்னார்.

எனக்குக் காலில் சக்கரம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். என் கல்யாணத்தில், புகை கண்ணில் படுகிறது என்று சொல்லி மணவறையிலிருந்து எழுந்துவிட்டேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்தார். தத்தெடுக்க விண்ணப்பித்தபோது வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வந்தார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "காரைக் கழட்டுவேன்" என்றேன். வீட்டுக்காரர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அந்த அம்மா சிரித்தார். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் தண்ணீர் கொண்டு வரவும், ஃபேன் வேகத்தைக் கூட்டவும், ஜன்னலைச் சாத்தவும் எழுந்து எழுந்து போனதைக் கவனித்திருக்கிறார். கிளம்பும்போது, "எப்பவுமே இப்படித்தானா நீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அன்றிலிருந்து ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. பிள்ளை மடியில் வந்து உட்கார வேண்டுமென்றால் முதலில் மடி ஓரிடத்தில் இருக்க வேண்டாமா? வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால், "உன்ன கட்டிக்கினு நான் இல்லியா?" என்பார். அவர் மூன்று வயதுப் பிள்ளை இல்லையே.

போன் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நடுவில் கிடந்த சனியையும் ஞாயிறையும் என்ன செய்வது? அலமாரியை அடுக்கினேன். அடுக்கியதை மறுபடி கலைத்து அடுக்கினேன். பிள்ளைக்கென்று வாங்கி வைத்த தலையணையின் உறையைத் துவைத்தேன், அது துவைத்த உறைதான். சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. போய்க் காரின் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

என் கார் ஒரு பழைய பெட்ரோல் செடான். பார்வைக்குக் குடும்பஸ்தர் வண்டி, ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சின் வேறு ரகம். பந்தயம் ஓட்டுகிறவர்கள் தேடிப் பிடித்து வாங்குவது. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் பாதைக்கு இன்டேக் மேனிஃபோல்ட் என்று பெயர். ஒரு பெட்டி, அதிலிருந்து பிரியும் நான்கு குழாய்கள், சிலிண்டருக்கு ஒன்றாக. வண்டியோடு வந்தது கறுப்புப் பிளாஸ்டிக். குழாய்கள் ஒல்லியாக, நீளமாக இருக்கும். ஊருக்குள் ஓட்ட அது போதும், வேகம் ஏற ஏற எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கோயம்புத்தூரில் ஒருவர் இதையே அலுமினியத்தில், அகலமும் குட்டையுமான குழாய்களோடு வார்த்துக் கொடுக்கிறார். அவரிடம் சொல்லிச் செய்து வாங்கி, ரேணிகுண்டா பார்சல் ஆபீஸிலிருந்து நானே தூக்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். நிதானமாக ஒரு லீவு நாளில் மாட்டலாம் என்பது திட்டம். என் திட்டங்களில் நிதானம் என்ற சொல் அடிக்கடி வரும்.

எங்கள் வீடு நகரியில். வீட்டுக்காரருக்கு வீட்டின் பின்னால் பவர்லூம் கொட்டகை. தறிகள் போக மிச்சமிருக்கும் பக்கவாட்டில்தான் கார் நிற்கும். தறிச் சத்தத்துக்கு நடுவே பானெட் திறந்த சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டதோ, வந்துவிட்டார்.

"இன்னாமே இது? திங்கக்கெழம போவணும். இப்ப போயி கழட்டிக்கினு கீற?"

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவேன் மாமா."

"மாட்டலன்னா?"

"மாட்டிடுவேன்னு சொல்றேன்ல."

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல" என்று முனகினார். முனகிக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

பேட்டரி ஒயரை எடுத்தேன். பெட்ரோல் குழாயில் அழுத்தத்தை இறக்கினேன். ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றினேன். பிறகு ரப்பர் ஹோஸ்கள். தடியாக, ஒல்லியாக, வளைந்து நெளிந்து எங்கெங்கோ போகும் ஹோஸ்கள். எது எங்கே இருந்தது என்று அடையாளம் வைக்காவிட்டால் அவ்வளவுதான். கம்பெனியில் நாங்கள் டேப் ஒட்டி எண் எழுதுவோம். கொட்டகையில் டேப்புக்கு எங்கே போவது? ஆனால் நூலுக்குப் பஞ்சமில்லை. கழற்றிய ஒவ்வொரு ஹோஸின் நுனியிலும் அவர் ஒரு கலர் நூலைக் கட்டினார், அது செருகியிருந்த மூக்கிலும் அதே கலரைக் கட்டினார். கட்டும்போதே வாய்விட்டுச் சொல்வார். கிளிப்பச்சை. மயில் கழுத்து. வெங்காயச் சருகு. அரக்கு. மெரூன். தறிக்காரர் முடிச்சு, இழுத்தாலும் அவிழாது. சிறிது நேரத்தில் என் எஞ்சின் காப்புக் கட்டின கல்யாணப் பெண்ணாகிவிட்டது.

அடியில் இருக்கும் போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவே கையை விட்டு, விரலால் தேடி, ஸ்பேனரைக் கால் திருப்பு, கால் திருப்பாகத் திருப்ப வேண்டும். முழங்கை எல்லாம் சிராய்ப்பு. பழைய மேனிஃபோல்ட் கடைசியில் பிசின் விட்டதுபோல் பிரிந்து வந்தது. தெரிந்த நான்கு துளைகளுக்குள் தூசி விழாமல் இருக்க அவர் கழிவு நூலை உருட்டி அடைத்தார். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வால் வெளியே தொங்கியது. ஒன்றை உள்ளே மறந்துவிட்டாலும் எஞ்சின் காலி என்று நான் சொன்னதற்கு, "வால புடிச்சி இழுத்தா வந்துரும். தறியில நாங்க பாக்காத சிக்கா?" என்றார்.

மறுநாள் காலை, இடுக்கில் காற்று கசியாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தது, அதை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "பாப்பாவுக்குத் தெலுங்குதான் வருமாமே?" என்றார்.

"நமக்குத் தெலுங்கு வராதா?"

"உனக்கு வர தெலுங்கு மார்க்கெட்ல சண்ட போடத்தான் லாயக்கு. கொஞ்சறதுக்கு ஒரு வார்த்த தெரியுமா உனக்கு?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியவில்லை. கை நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்து, "சரி சரி, சொரண்டு. நான் சொல்லிக் குடுக்கறேன்" என்றார்.

கட்டிப் போட்டாலும் ஓரிடத்தில் உட்காராதவள் நான். ஆனால் போல்ட் முறுக்கும்போது மட்டும் எனக்கு எங்கிருந்தோ ஒரு பொறுமை வரும். நான்கு நூல் உருண்டைகளையும் வாலைப் பிடித்து இழுத்துவிட்டு, அலுமினிய மேனிஃபோல்ட்டை உட்கார்த்தி, நடுவிலிருந்து தொடங்கி வெளியே போய், மறுபடி நடுவுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுக்க முறுக்கிவிட்டால் மற்றது தூக்கிக்கொள்ளும், காற்று கசியும். மத்தியானம் முழுக்க அதைச் செய்தேன். அந்த நேரத்தில் திங்கட்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது.

அன்று காலையிலிருந்து கரன்ட் இல்லை. சாயங்காலம்தான் வந்தது. தறி ஓட்ட ஆள் வந்துவிட்டதால் அவர் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. போகும்போது சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் ஹோஸ் மாட்டாத. இந்த மஞ்ச வெளிச்சத்துல உனக்கு நூலு தெரியாது."

"சரி" என்றேன்.

சரி என்று சொன்னபோது அதில் பொய் இல்லை. ஆனால் வெறுங்கையோடு நின்றால் போதும், திங்கட்கிழமை திரும்ப வந்துவிடும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து அழுதால்? நான் எழுந்து நடந்துவிட்டால்? இவளுக்குப் பொறுமை இல்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால்? அவர் போன திசையைப் பார்த்தேன். தறிகள் தடதடவென்று ஓடத் தொடங்கியிருந்தன. ஒரு ஹோஸை எடுத்தேன். கிளிப்பச்சைக்குக் கிளிப்பச்சை. இதில் என்ன தெரியாமல் போகிறது? மயில் கழுத்துக்கு மயில் கழுத்து. சிவப்புக்குச் சிவப்பு, இன்னொரு சிவப்புக்கு இன்னொரு சிவப்பு. முடிந்தது. பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் உடனே பிடித்தது. ஒரு நொடி சந்தோஷம். அப்புறம் சத்தம் விர்ரென்று ஏறியது, தொப்பென்று இறங்கியது, அணையப்போகிற நேரத்தில் மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. புகைக்குழாயிலிருந்து கறுப்பாகப் புகை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறியது. ஓரிடத்தில் நிற்கவே மாட்டேன் என்றது.

எங்கேயோ காற்று கசிகிறது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லையோ? வார்ப்பில் கீறலோ? போல்ட்டுகளை எல்லாம் மறுபடி தொட்டுப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. முழுவதையும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான் என்று ஸ்பேனரை எடுத்தேன். பஸ் இருக்கிறது, ஊரில் வாடகைக் கார் இருக்கிறது, திருப்பதிக்குப் போக இந்தக் கார்தான் வேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரியாதா? ஆனால் மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. கைக்குள் இருக்கிற இரும்பையே உன்னால் ஒழுங்காகச் சேர்க்க முடியவில்லை, நீ ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போகிறாயா? அர்த்தமில்லாத கணக்குதான். அதைப் போட்டுவிட்டுப் பம்பரின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

சத்தத்தைக் கேட்டு அவர் வந்தார். நான் அழுவதைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், குனிந்து டார்ச்சை அடித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்த ஸ்பேனராலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

"அரக்க கொண்டுபோயி மெரூன்ல சொருவி கீற."

"ரெண்டும் செவப்புதான்!"

"ரெண்டும் செவப்பா? இத நம்ம தெருவுல சொல்லாத, கல்லால அடிப்பாங்க."

ஒன்று, உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் மூக்கு, மற்றது பின்னால். ஹோஸ்கள் ஒரே தடிமன். மாற்றிச் செருகினால் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதே புரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீடு முழுக்க நூல வெச்சிக்கினு, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செவப்பத்தான் கட்டுவியா மாமா? மஞ்சள் இல்ல? வெள்ள இல்ல?" என்று கத்தினேன். அவர் இரண்டு நூலையும் டார்ச் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். பிறகு, "என் கண்ணுக்கு ரெண்டும் பக்கத்துல இல்லியேமே" என்றார் பாவமாக. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரே மாற்றிச் செருகினார். புகை நின்றது. ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கியது. முழுக்க இல்லை. பேட்டரியை எடுத்து மாட்டினால் எஞ்சினின் கம்ப்யூட்டர் பழையதை எல்லாம் மறந்துவிடும். புதுக் காற்றைப் பழக அதற்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும், அதுவரை நிற்கும்போது லேசாக ஏறி இறங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போய்ப் போய் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை புத்தூர் தாண்டியதும் சாலை விரிந்தது. வடமாலப்பேட்டைக்கு முன்னால் கொஞ்சம் மிதித்தேன். முன்பு முனகத் தொடங்கும் இடத்தில் எஞ்சின் தொண்டையைத் திறந்துகொண்டு பாய்ந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "புள்ளய பாக்கப் போறோம், ஃப்ளைட்ட புடிக்கப் போவல" என்று அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். காலை எடுத்தேன்.

இல்லத்தில் எங்களை ஒரு அறையில் பாயில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தது. பிள்ளை நடந்து வரும் என்று பார்த்தால் ஓடி வந்தது. எங்களைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்குப் போனது, தாழ்ப்பாளைத் தள்ளியது, இழுத்தது, மறுபடி தள்ளியது. அலமாரிக்குப் போனது. ஃபேன் ஸ்விட்ச் எட்டவில்லை என்று ஸ்டூலை இழுத்தது. பொறுப்பாளர் அம்மா பின்னாலேயே ஓடி, "ஒக்க சோட்ட கூர்ச்சோது" என்று எங்களிடம் சொன்னார். ஓரிடத்தில் உட்கார மாட்டாளாம். ஏதோ பிள்ளையிடம் குறை இருப்பதைப்போல, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

உட்கார்ந்திருந்தேன். கைகளை மடியில் வைத்து, விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டேன். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்புக் கிரீஸ் போகவில்லை, அதை அவர்கள் பார்க்கக் கூடாது. கால் தானாக ஆடத் தொடங்கியது. அவர் முட்டியால் என் முட்டியை அழுத்தினார். நிறுத்தினேன். பிள்ளை அறையைச் சுற்றியது. ஒரு சுற்றில் என் புடவையை உரசிக்கொண்டு போனது. அடுத்த சுற்றில் நின்றது. மடக்கின விரல்களைப் பார்த்தது. குனிந்து, ஒரு விரலைப் பிடித்து நிமிர்த்தியது.

"ச்சீ. மட்டி" என்றது. மண்ணாம். தினமும் அவர்களுக்கு நகம் பார்ப்பார்களாம், அழுக்கு இருந்தால் திட்டு விழுமாம். எனக்கும் திட்டு விழுந்தது. பிறகு அது என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் சின்ன நகத்தால் என் நகத்தைச் சுரண்டத் தொடங்கியது. ஒரு விரல் முடிந்து அடுத்த விரல். அதற்கு வசதிப்படவில்லை போலிருக்கிறது, எழுந்து மடிக்குள் வந்து, முதுகை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. கிரீஸ் போகவில்லை. சுரண்டிச் சுரண்டி அதன் கை மெதுவானது, தலை சரிந்தது. என் கட்டைவிரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. பொறுப்பாளர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பகலில் தூங்க வைக்கப் படாத பாடு படுவாராம்.

அப்போது வாசலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, பால் வண்டி உள்ளே வர வேண்டும், காரைத் தள்ளி நிறுத்துங்கள் என்றார். நான் ஒரு கையால் பையைத் துழாவிச் சாவியை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"நானா?" என்றார் ரகசியமாக. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஸ்டீயரிங்கை அவரிடம் நான் கொடுத்ததில்லை.

"போ மாமா" என்றேன்.

போனார். வெளியே என் எஞ்சின் எழும்பும் சத்தம் கேட்டது. லேசாக ஏறி, இறங்கி, கிளட்சை அவர் சட்டென்று விட்டதில் உதறி அணைந்தது. உடம்பில் ஒவ்வொரு நரம்பும் எழுந்து வாசலுக்கு ஓடியது. மறுபடி கிளப்பினார். கியர் கரகரவென்று கத்தியது, என் பல்லே கூசியது. இன்னொரு தடவை அணைந்தது. அவருக்கு ரிவர்ஸ் எங்கே விழும் என்று தெரியாது, மேலே தூக்கித் தள்ள வேண்டும், அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும். கத்தினால் பிள்ளை விழித்துக்கொள்ளும். கால் இடுப்புவரை மரத்துப்போயிருந்தது. மரத்தே போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.